வளைந்த சுவரில் ஒரு ஜன்னல்: தோடர் முந்து, ஐஸ் ஹவுஸ், ஆர்ச்சிகேட்

பிக்கட்டியும் சரி, சுத்தி இருக்கிற மத்த ஹட்டிகளும் சரி, பழைய படுகர் வீடுகள் ஒரே வரிசையில், நேர்ச் சுவரோடு கட்டப்பட்டவை. நேர்ச் சுவரில் ஜன்னல் வைக்கறது பெரிய வித்தையில்லை. சதுரமா ஒரு ஓட்டை, அதுல ஒரு சட்டம், வேலை முடிஞ்சது.

அதே நீலகிரியில் தோடர்களின் பாரம்பரிய வீட்டைப் பாருங்க. மூங்கில், பிரம்பு, புல் வெச்சு, பீப்பாயைப் பாதியா அறுத்துக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அந்த வளைவில் ஜன்னல்னு ஒரு சின்னத் துளைகூட கிடையாது. ஒரே திறப்பு முன்பக்கத் தட்டைச் சுவரில்தான், தவழ்ந்துதான் உள்ளே போகணும். குளிரும் மழையும் உள்ளே வராது. அதோடு, வளைவைத் தொடாம விட்டதால ஒரு பெரிய தலைவலியும் மிச்சம்.

அது என்ன தலைவலி? கொஞ்சம் கணக்கு போடலாம், பயப்படாதீங்க :-)

6 மீட்டர் ஆரமுள்ள வட்டச் சுவர். அதில் 1 மீட்டர் அகல ஜன்னல். தட்டையான கண்ணாடி போட்டா, நடுவில் சுவரின் வளைவு கண்ணாடியை விட சுமார் 2 செ.மீ. முன்னால் வந்து நிற்கும். ஆரம் 2 மீட்டர்னா இதே வித்தியாசம் 6 செ.மீ.க்கு மேல். அகலத்தைப் பாதியாக்கினா வித்தியாசம் கால்வாசி ஆகிடும். வட்டமான கட்டடங்களில் ஜன்னல்கள் ஒல்லியா உயரமா இருந்தா ரொம்ப வசதி என்பது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. அகலமான திறப்புக்கு மேலே வைக்கும் லிண்டல் வில் மாதிரி வளைஞ்சு இருக்கும். மேல் பாரம் அதை கீழே அழுத்தறதோட நிக்காது, வெளிப்பக்கமா முறுக்கவும் பார்க்கும்.

சரி, ஏற்கனவே நிற்கிற வட்டச் சுவரில் பின்னாடி வந்து ஜன்னல் வைக்கணும்னா?

அதுக்கு சென்னை மெரினாவுக்குப் போகணும். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர், அமெரிக்கக் குளங்களில் உறையும் ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிஞ்சு கப்பலேத்தி வித்த ஆள். 1833-ல் முதல் சரக்கு கல்கத்தா வந்தது. சென்னையில் அவர் கம்பெனிக்காக 1842-ல் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். கடலைப் பார்த்த முகப்பு வட்டமா வளைஞ்சிருக்கும். ஐஸ் கிடங்குக்கு வெளிச்சமும் காத்தும் எதிரிகள். இங்கேயே செயற்கையா ஐஸ் தயாரிக்க ஆரம்பிச்சதும் வியாபாரம் படுத்துடுச்சு. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, ஜன்னல்களும் வட்ட வராந்தாக்களும் வெச்சு, தன் நண்பரான நீதிபதி கெர்னன் பேரில் 'காஸில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது இந்த வீட்டில்தான்.

கேரளத்தில் லாரி பேக்கர் வேற வழி பிடிச்சார். திருவனந்தபுரம் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காஃபி ஹவுஸ், சுருள் சுருளா மேலே ஏறும் செங்கல் கட்டடம். அங்கே சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சுவரிலேயே சின்னச் சின்ன இடைவெளி விட்டார். துளை சின்னதானா வளைவு ஒரு பிரச்சினையே இல்லை, மேலே சொன்ன அதே கணக்குதான்.

இப்ப கணினிக்கு வருவோம். ஹங்கேரியின் புடாபெஸ்டில் 1982-ல் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்ச்சிகேட் மென்பொருளில் ஜன்னலையே நிரலா எழுதலாம், அந்த மொழிக்கு ஜிடிஎல் என்று பேர். வளைந்த சுவரில் ஜன்னலை வெச்சதும் மென்பொருள் தானா ஓட்டை போடும். அப்போ ஓட்டையின் பக்கங்கள் வட்ட மையத்தை நோக்கிப் போகும். 60 செ.மீ. தடிமனுள்ள சுவரின் வெளி ஆரம் 6 மீட்டர்னா, வெளியே 1 மீட்டரா இருக்கும் திறப்பு உள்ளே 90 செ.மீ.யா குறுகிடும். பக்கங்கள் இணையா இருக்கிற சட்டம் இதில் சரியா உட்காராது. அதுக்காக 'வால்ஹோல்' என்று ஒரு கட்டளை. நாம குடுக்கிற வடிவத்தை அப்படியே நேரா சுவருக்குள் செலுத்தி வெட்டும், பக்கங்கள் இணையா வரும். வட்டம், வளைவு வாசல், எந்த வடிவமும் இதே வழிதான். வேடிக்கை என்னன்னா, வட்டத் துளை போட்டா எதிரே நின்னு பார்க்க வட்டம்தான், ஆனா அதன் விளிம்பு ஒரே தளத்தில் இருக்காது, சுவரோடு சேர்ந்து வளையும். தச்சரிடம் வட்டச் சட்டம் செய்யச் சொல்றவங்க இதை மறந்தா போச்சு.

ஆக, மென்பொருள் கணக்கைப் போட்டுக் குடுக்கும். பக்கம் மையத்தைப் பார்க்கணுமா இணையா இருக்கணுமா, கண்ணாடி தட்டையா வளைவா என்பதை நாமதான் முடிவு பண்ணணும். ஒரு கொத்தனாருக்கும் இதே கேள்விகள்தான்.

ஐஸ் ஹவுஸ் கதையில் ஒரு பாதி மிச்சமிருக்கு. 1917-ல் அரசாங்கம் அந்தக் கட்டடத்தை வாங்கியது. அங்கே சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கான இல்லத்தை நடத்தினார். அவரே குழந்தைப் பருவத்தில் விதவையானவர். படிச்சுப் பட்டம் வாங்கி, தன்னைப் போன்ற பெண்களையும் படிக்க வைக்கப் புறப்பட்டவர். வீட்டின் பின்கட்டு இருட்டில் முடங்கிக் கிடக்கணும்னு ஊர் சொன்ன பெண்கள், கடலைப் பார்த்த அந்த வீட்டில் தங்கிப் படிச்சாங்க, ஆசிரியர்கள் ஆனாங்க. 1963-ல் அது 'விவேகானந்தர் இல்லம்' ஆனது. அடுத்த தடவை மெரினா பக்கம் போனா, அந்த வட்டச் சுவரின் ஜன்னல்களை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ஐஸ் கிடங்காவே இருந்திருந்தா அதில் ஒண்ணுகூட தேவைப்பட்டிருக்காது.