காரணம் தெரியாப் பல்வலி

பல் சிகிச்சை முடிந்து, புண் ஆறி, எக்ஸ்ரேயில் குறையொன்றும் தெரியாத நிலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் பல், முக வலி. 2020இல் வெளியான பன்னாட்டு வாய்-முக வலி வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. முகத்துக்கு உணர்வு தரும் ஐந்தாம் மூளை நரம்பு, காயம் ஆறிய பிறகும் வலிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதாகக் கருதப்படுகிறது. பிடுங்கிய பல் இருந்த வெற்றிடமே வலிப்பதும் உண்டு.

மந்தமாக, எரிச்சலாக, நாள் முழுக்க இருக்கும். மின்சாரம் பாய்ந்தாற்போல் நொடிக்கணக்கில் சுரீரென்று வெட்டினால் அது வேறு நோய், மருந்தும் வேறு.

பெருங்கேடு, வலிக்கும் பல்லைப் பிடுங்கச் சொல்லி நோயாளியே கெஞ்சுவது. பிடுங்கியதும் வலி பக்கத்துப் பல்லுக்கு நகரும். அதற்கும் ரூட் கெனால். கிராம்பு எண்ணெயும் இதற்குப் பெரிதாக உதவாது. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் பலருக்குப் பலன் தருகிறது. அது மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரை என்பதால் “எனக்கென்ன பைத்தியமா?” என்று சீட்டைக் கிழிப்பவர்கள் உண்டு, இங்கே அது நரம்பை அடக்கத்தான்.

தில்லி ஆர்.கே.புரத்தில் ஜனவரிக் காலையில் இந்த வலியோடு மலைமந்திர் கோயில் படியேறுகிறவர் கன்னத்தோடு மப்ளரைச் சுற்றிக்கொள்வது நல்லது. குளிர்காற்று வலியைக் கிளறலாம். எய்ம்ஸின் பல் மருத்துவ மையம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். போகும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.