காதலர் மேசையில் இரண்டு விதவைகள்

காதலியோடு இரவு விருந்து என்றால், ஆங்கிலப் படங்களில் நாயகன் வழக்கமாகக் கேட்பது ஷாம்பெயின்தான். அந்தப் புட்டி விருந்து மேசைக்கு வந்த கதையில் இரண்டு விதவைகள் இருக்கிறார்கள்.

ஷாம்பெயின் என்பது பிரான்சின் வடகிழக்கில் உள்ள ஒரு பகுதியின் பெயர். குளிர் அதிகம். குளிர்காலத்தில் பாதியில் நின்றுபோகும் நொதித்தல், வசந்தத்தில் புட்டிக்குள் மறுபடி தொடங்கும். கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே தங்கிவிடும். அதுதான் அந்த நுரை! ஆனால் 17ஆம் நூற்றாண்டில் இது பெரிய குறை. அழுத்தம் தாங்காமல் புட்டிகள் வெடித்தன. ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் டொம் பெரின்யோன் (1638–1715) என்ற துறவி, உண்மையில் நுரை வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார்.

1805-ல் ரீம்ஸ் நகர ஒயின் வியாபாரி பிரான்சுவா க்ளிகோ இறந்தார். மனைவி பார்ப்-நிக்கோலுக்கு வயது 27, கையில் ஒரு மகள். நெப்போலியன் காலச் சட்டப்படி, மணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் தொழில் செய்ய முடியாது. விதவைக்கு அந்தத் தடை இல்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளாமல் தொழிலைக் கையில் எடுத்தார்.

போர்களால் ஏற்றுமதி படுத்துவிட்டது. 1814-ல் போர் ஓயும் தறுவாயில், போட்டியாளர்கள் காத்திருந்தபோதே, 10,000-க்கும் மேற்பட்ட புட்டிகளை ரஷ்யாவுக்குக் கப்பலேற்றினார். சரக்கு பிடிபட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். நல்ல விலைக்கு விற்றுத் தீர்ந்தது!

அடுத்த தொல்லை வண்டல். துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, அவ்வப்போது சற்றே திருப்பினால் வண்டல் கழுத்துக்கு வந்துவிடும், எளிதாக நீக்கிவிடலாம். சுமார் 1816-ல் வந்த இந்த முறை அவர் பெயரில்தான் சொல்லப்படுகிறது. அவருடைய நிறுவனம் 'வவ் க்ளிகோ'. பிரெஞ்சில் 'வவ்' என்றால் விதவை.

அப்போதைய ஷாம்பெயினில் சர்க்கரை மிக அதிகம். சாப்பாட்டோடு ஒத்துவராது, கடைசியில் இனிப்போடுதான் குடிப்பார்கள். 1858-ல் கணவரை இழந்து தொழிலுக்கு வந்த லூயிஸ் பொம்மரி, ஆங்கிலேயர் சுவைக்கேற்ப 1874-ல் சர்க்கரை மிகக் குறைந்த 'ப்ரூட்' வகையைக் கொண்டுவந்தார். ஷாம்பெயின் சாப்பாட்டு மேசைக்குத் தோதானது அப்படித்தான்.

இன்றும் புட்டியைத் தேர்ந்தெடுக்க இதுவே வழிகாட்டி. 'ப்ரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, மீன் போன்ற உணவுக்குப் பொருந்தும். 'டெமி-செக்' என்றால் 32 முதல் 50 கிராம், கேக்கோடு சேரும். இனி படத்தில் அந்தப் புட்டி திறக்கும்போது, தனியாக நின்று தொழில் நடத்திய இந்த இரண்டு பெண்களும் ஞாபகத்துக்கு வரட்டும்.