அராலிப் பஞ்சாங்கமும் பூமியின் சுழற்சியும்

வட்டுக்கோட்டையின் கல்வி வரலாற்றில் 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாட் சந்திர கிரகணத்துக்குத் தனியிடம் உண்டு. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும், வட்டுக்கோட்டைச் செமினரி அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் கிரகணத்தின் தொடக்கத்திலும் நீடிப்பிலும் மறைப்பின் அளவிலும் வேறுபட்டன. நிகழ்ந்தது பூவரின் கணிப்பையொட்டியே நிகழ்ந்தது. பூமி சுழல்கின்றது என்னும் புதிய பௌதிகம் அன்றிரவு நிறுவப்பட்டது எனக் கருதுவது எளிது. ஆயின் அது தவறு.

சித்தாந்தக் கணிதம் பூமியைக் கோளமெனவும், சந்திர கிரகணத்தைப் பூமியின் நிழலால் விளைவதெனவும் முன்னரே கொண்டிருந்தது. இராகு விழுங்குதல் புராணம் சார்ந்தது. இரண்டையும் ஒன்றாக்குவது சாஸ்திரியாருக்கு நீதி செய்வதாகாது. மேலும், கிரகணக் கணிப்புக்கு வேண்டுவன சார்பு நிலைகளே. ஒரு நாழிகையில் வானம் 6 பாகை சுற்றுகின்றது என்றாலும் பூமி அவ்வளவு சுழல்கின்றது என்றாலும் விடை ஒன்றே. ஆகவே அன்று தோற்றவை கணிப்பின் எண்களேயன்றிப் பூமி அசையாது என்னும் கொள்கையன்று.

அக்கொள்கையின் வேர் வேறிடத்தில் உள்ளது. 499இல் ஆரியபடர், ஓடத்திற் செல்வோனுக்குக் கரை பின்னோக்கி நகர்வதுபோல் நிலையான விண்மீன்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுகின்றன என்றார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், பூமி சுழலுமாயின் பறவைகள் தம் கூடுகளை மீண்டும் அடைவது எங்ஙனம் என வினவினார். வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. யாழ்ப்பாண நிலம் வினாடிக்கு ஏறத்தாழ 460 மீற்றர் கிழக்கு நோக்கி விரைகின்றது. இருபது மீற்றர் உயரப் பனையிலிருந்து பழம் விழ இரண்டு வினாடி செல்லும். அதற்குள் மரம் 900 மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். எனினும் பழம் பனையின் அடியிலேயே விழுகின்றது.

தள்ளுவாரின்றி எதுவும் ஓடாது என்னும் நாளாந்த அனுபவமே இங்கு மயக்கத்துக்குக் காரணம். தள்ளிவிட்ட வண்டி நிற்பது இயக்கம் தானே தீர்ந்தமையால் அன்று, உராய்வு தடுத்தமையால். காம்பினின்று கழன்ற பழத்தின் கிழக்கு வேகத்தைத் தடுப்பது எதுவுமில்லை. காற்றும் நிலத்தோடு கூடவே செல்கின்றது. பாய்மரத்தினின்று விழும் கல்லைக் கொண்டு கலிலியோ 1632இல் விளக்கியதும் இதுவே. அவ்விளக்கமின்றி, கிரகணத்தை நொடி பிசகாது கணித்துக் காட்டினும் வராகமிகிரரின் வினா விடையின்றியே நின்றிருக்கும்.

பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்ரன், இந்திய வானியலின் கணித முறையை விளக்கும் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். ஏழாண்டுகளில், 1855இல், செமினரி மூடப்பட்டது.