அமைதியான புயல் பருவம்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு குவாதலூப், மர்த்தினிக் என்ற தீவுப் பெயர்கள் தென்பெண்ணை, சங்கராபரணி மாதிரி மனப்பாடம். பாடப் புத்தகத்தில் மட்டும் இருந்த பெயர்களும் அல்ல. 1853இல் மர்த்தினிக்குக்கும், மறு ஆண்டு குவாதலூப்புக்கும் 'ஒரேலி' என்ற கப்பலில் முதல் கூலியாட்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனதாகக் கணக்கு. புதுவை, காரைக்கால் துறைமுகங்களில் கப்பல் ஏறிய நம் சனங்கள் அவர்களில் நிறைய. கரும்புத் தோட்டத்தில் வேலை. நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்குப் பயந்தவர்கள், அங்கே போய் ஆகஸ்டு, செப்டம்பரில் பயப்படப் பழகிக்கொண்டார்கள்.

அந்தப் பக்கம் புயல் பருவம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை. இங்கிலீஷ்காரர்கள் 'ஹரிக்கேன்' என்பதை அந்தத் தீவுகளின் பிரெஞ்சுக்காரர்கள் நம்மைப் போலவே 'சிக்லோன்' என்பார்கள். 2015இல் கையாண்ட கணக்குப்படி, சராசரியாக ஓர் ஆண்டில் பெயர் வைக்கத்தக்க புயல் 12 வரும். அதில் 6 கடும் சூறாவளியாகும். 3 மிகப் பெரியதாக வளரும். 2015இல் வந்தவை 11, 4, 2. சராசரிக்குக் கீழே. வானிலைக்காரர்கள் அதை அமைதியான பருவம் என்றே எழுதினார்கள்.

ஏன் அமைதி? காரணம் அட்லாண்டிக்கில் இல்லை, பசிபிக்கில் இருந்தது. பெரு நாட்டுக் கரையோரத்தில் சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிடும். மீனவர்கள் அதற்குக் குழந்தை யேசுவின் பெயரால் 'எல் நினோ' என்று பெயரிட்டார்கள். 2015இல் வந்தது மிகப் பலமான எல் நினோ. பசிபிக்கில் சூடான காற்று மேலே எழும்பினால், கரீபியன் கடலின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும். கீழேயோ வழக்கம்போல் கிழக்குக் காற்று. புயல் என்பது நேராக நின்றால்தான் வளரும், அடுக்கி வைத்த பானை மாதிரி. கீழ்ப்பானையை ஒரு பக்கமும் மேல்பானையை மறு பக்கமும் தள்ளினால் நிற்குமா? ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்பி வரும் புயல்கள் பலவும் அப்படித்தான் பாதி வழியில் சரிந்தன.

இதைக் கண்டுபிடித்த கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்ட பாட்டை நம் பாட்டனார்கள் தலைமுறை கதையாகச் சொன்னது. மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய வேண்டும் என்று, 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைச் சேர்த்து ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது என்று கண்டார். தராசுத் தட்டு மாதிரி. அந்தத் தராசையும் எல் நினோவையும் 1969இல் பியர்க்னெஸ் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் காட்டினார். எல் நினோ ஆண்டில் அட்லாண்டிக் புயல் குறையும் என்று வில்லியம் கிரே என்ற அமெரிக்கர் 1984இல் எழுதினார்.

சரி, 2015இல் அந்தத் தீவுகள் நிம்மதியாக இருந்தனவா? ஆகஸ்டில் 'டேனி' என்ற சூறாவளி பயமுறுத்திக்கொண்டே வந்து, தீவுகளை நெருங்கும்போது கலைந்து போனது. சனங்கள் மூச்சு விட்ட அதே வாரம் 'எரிக்கா' வந்தது. அது சூறாவளி என்ற பெயருக்குக்கூட வளராத சாதாரணப் புயல். ஆனால் ஆகஸ்டு 27 அன்று, குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் நடுவே இருக்கும் தொமினிக்காவில் சில மணி நேரத்தில் 30 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மலை சரிந்தது. 30 பேர் அளவில் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெத்தித் சவான் என்ற கிராமத்தை அப்படியே காலி செய்ய வேண்டியதாயிற்று. அக்டோபர் 1 அன்று 'ஹ்வாக்கின்' சூறாவளியில் 'எல் ஃபாரோ' என்ற சரக்குக் கப்பல் பஹாமாஸ் அருகே 33 பேருடன் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. இன்னொரு பக்கம், அந்த ஆண்டு கரீபியன் தீவுகளில் வறட்சி. புவேர்த்தோ ரிக்கோவில் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள்.

தராசின் மறு தட்டில் நாம் இருந்தோம். எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவமழை நம் கரையில் பெரும்பாலும் கூடுதலாகப் பெய்யும். நவம்பர் 9 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கடலூர் மாவட்டம் வெள்ளக்காடானது. டிசம்பர் 1 இரவு சென்னையில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. இந்த இரண்டிலும் பெயர் வைக்கும்படியான புயல் ஒன்றும் இல்லை.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'நில் ரிப்போர்ட்' தெரியும். சொல்ல ஒன்றும் இல்லை என்பதையும் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். புயல் பருவத்துக்கு மட்டும் அப்படி ஒரு தாள் எழுத முடியாது. அமைதி என்பது ஆறு மாதத்துக்கும் ஒரு மகா சமுத்திரத்துக்கும் போட்ட சராசரி. வெள்ளம் சராசரி பார்த்து வருவதில்லை. ஒரு கிராமத்துக்கு ஒரு ராத்திரியில் வந்துவிடுகிறது. ஆகவே "இந்த வருஷம் புயல் குறைவாம்" என்று செய்தியில் வந்தாலும், மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாருங்கள். ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள்.