தேர்க் கடிவாளமும் சாரதி அனுமதிப்பத்திரமும்

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையூராகிய உடப்பில் ஆண்டுதோறும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு விழா நடைபெறுகின்றது. பாரதக் கதையோடு பிணைந்த அவ்விழாவைக் கண்டு வளர்ந்தோர்க்குப் பெண்ணொருத்தி தேர் செலுத்தினாள் என்பது புதுமையன்று. அருச்சுனனுடன் துவாரகையினின்று புறப்பட்ட சுபத்திரை தானே கடிவாளம் பற்றினாள் என்பது கதைமரபு. கதையில் போற்றப்பெற்ற அச்செயல் வாழ்வில் ஒப்பத்தக்கதா என்பதே பிற்காலத்து வழக்காயிற்று.

இலங்கைச் சட்டம் அவ்வழக்கை எழுப்பவில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் பெண்களைத் தடுக்கவில்லை. அவ்வழக்கு மிகக் கடுமையாக நிகழ்ந்த இடம் சவூதி அரேபியாவாகும். புத்தளக் கரைக்கு அது தொலைவான செய்தியன்று. 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், இக்கரையிலிருந்தும் பெண்கள் பலர் வீட்டுப் பணிக்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்த முஸ்லிம் குடும்பங்களின் பெண்களும் அவர்களுட் சேர்ந்தனர்.

அதே ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், ரியாத் நகரத்தில் 47 பெண்கள் தடையை மீறி மோட்டார் வண்டிகளில் வலம் வந்தனர். அவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர்; அரசுப் பணியிலிருந்தோர் பணியினின்று விலக்கப்பட்டனர். அதுவரை வழக்கமாயிருந்த தடை, பின்னர் அரசின் வெளிப்படையான ஆணையாயிற்று. பெண் வண்டி செலுத்தின் அந்நிய ஆடவருடன் தனித்திருக்க நேரும் என்பது மார்க்க அறிஞர் சிலரின் வாதம். தடையின் பயனாக ஒவ்வொரு பெண்ணும் கூலிக்கு அமர்த்திய அந்நிய ஆடவனுடனேயே வண்டியில் தனித்துச் செல்ல நேர்கின்றதே என்பது மறுதரப்பார் விடை. அவ்விடைக்கு மறுமொழி கூறல் எளிதன்று. 2017 செப்டம்பர் 26இல் சல்மான் மன்னர் தடையை நீக்க ஆணையிட்டார். 2018 ஜூன் 24இல் அவ்வாணை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய மாதத்தில், அவ்வுரிமைக்காக உழைத்த பெண்கள் சிலர் சிறைப்பட்டனர் என்பதையும் வரலாறு மறக்கலாகாது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்காலத்து ரியாத் வீடொன்றில் எசமானிக்கு வண்டியிருந்தது. அதனைச் செலுத்தும் அனுமதியில்லை. அவ்வீட்டில் பணிபுரிந்த புத்தளத்துப் பெண்ணுக்குத் தன்னாட்டில் அனுமதியுண்டு. வண்டி வாங்கும் வழியில்லை. ஒருத்தியைச் சட்டம் தடுத்தது. மற்றவளை வறுமை தடுத்தது. இருவரும் பின்னிருக்கையிலேயே அமர்ந்தனர்.

வறுமைக்குத் தப்பவே கடல் கடந்த இக்கரைப் பெண்ணையும் அனுமதி பற்றிய கேள்வி விட்டுவைக்கவில்லை. வெளிநாட்டு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கோரும் முறையை இலங்கை அரசு 2013இல் கொணர்ந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையுடைய தாய்மார் செல்லுதல் அதனால் தடைப்பட்டது. தந்தையரிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. 2022இல் அம்முறை தளர்த்தப்பட்டது. குழந்தையின் நலம் கருதியது அவ்விதி என்பர். அந்நலத்தைக் காக்கும் பொறுப்பு தாய்க்கு மட்டுமே உரியதாயின், அது காவலன்று, கட்டேயாம்.

பெண் வண்டி செலுத்தலாமா என்ற வழக்கு அவளது திறனைப் பற்றியதன்று. அவள் எங்குச் செல்வாள் என்பதை முடிவுசெய்வோர் யார் என்பதைப் பற்றியதே. அனுமதி கிடைத்தலால் அவ்வழக்கில் ஒரு பாதியே தீரும். செல்லும் வழியும் அதற்குரிய பொருளும் அவள் கைக்கு வரும்போதே மறுபாதி தீரும்.