பஸ் நிற்காத ஊர்கள்

சுற்றுலா பஸ்ஸில்தான் இன்று நம் வரலாறு எழுதப்படுகிறது என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஓர் ஆய்வேட்டை, மேற்பார்வைப் பேராசிரியரையும் சேர்த்து, நாலு பேர் படித்தால் அதிகம். ஒரு பஸ்ஸில் 50 பேர், மைக் பிடித்த ஒருவர், மூன்று நாள். வீடு திரும்பி அந்த 50 பேரும் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவது மைக்கில் கேட்டதைத்தான். நெய்வேலி நகரியத்திலிருந்து கிளம்பிய அப்படியொரு நடுநாட்டுத் தலச் சுற்றுலாவில் நானும் போனேன். பக்தி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது, எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வுகளால் கட்டமைக்கப்பட்ட ஒரு பிரதி அது. பிரதியாகவே வாசிக்க வேண்டும்.

முதல் நிறுத்தம் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில். அட்ட வீரட்டங்களில் ஒன்று. சிவன் முப்புரம் எரித்த இடம் என்பது தலபுராணம். வழிகாட்டி நன்றாகவே பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனது, சூலை நோய், இரவோடிரவாக அக்கா திலகவதியிடம் வந்தது, அக்கா திருநீறு தந்தது, பிறகு நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது. "கடைசியில ராஜாவே மனசு மாறி, சமணப் பள்ளியை இடிச்சுக் கொண்டாந்து இங்க குணபரவீச்சரம் கட்டினாரு. அதோட சமணம் முடிஞ்சுதுங்க." கூட்டத்தில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே கோயில் வளாகத்தில் பத்மாசனத்தில் அமர்ந்த ஒரு கற்சிலை இருக்கிறது. சிலர் புத்தர் என்பார்கள், சிலர் சமணர் என்பார்கள். மைக் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முப்புரக் கதையின் சில புராண வடிவங்களில், பக்தி மாறாத அசுரர்களை அப்படியே அழிக்க முடியாமல் திருமால் ஒரு மொட்டைத்தலைத் துறவியை அனுப்பி அவர்களை நெறி பிறழச் செய்கிறார். அப்புறம்தான் எரிப்பு. ஆக, எரிப்புக் கதைக்குள்ளும் துறவி உண்டு, அந்த எரிப்பைக் கொண்டாடும் கோயிலுக்குள்ளும் துறவி உண்டு.

மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவன். இடிப்பைச் சொல்லும் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலம். நடுவில் 500 வருஷம். அப்பர் தம் பாடல்களில் சமணரோடு கழித்த நாட்களை நொந்துகொள்கிறார், சமணரைக் கடுமையாக ஏசுகிறார், மறுப்பதற்கில்லை. திருச்சி மலைக்கோட்டைக் குடைவரைக் கல்வெட்டில், குணபரன் மாற்று நெறியிலிருந்து திரும்பினான் என்று பொருள்கொள்ள இடம்தரும் ஒரு சுலோகம் உண்டு. சமணம் என்ற பெயர் அதில் இல்லை. அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் அடிவாங்குவதோ காபாலிகனும் பௌத்த பிட்சுவும் பாசுபதனும். இடிப்பை நமக்குச் சொல்கிறவர் சேக்கிழார். நீற்றறை முதல் கடல் வரை வரிசையாகக் கதைப்படுத்துகிறவரும் அவரே. சைவ மேடையில் நீற்றறை சமணக் கொடுமைக்குச் சான்று, இடிப்பு அருளின் வெற்றி. நம் தோழர்களின் மேடையில் நீற்றறை கட்டுக்கதை, இடிப்பு மட்டும் அசைக்கமுடியாத ஆதாரம். ஒரே பிரதியிலிருந்து வேண்டியதைப் பிய்த்துக்கொள்வது இரண்டு பக்கமும்தான் நடக்கிறது.

பாடலியில் சமணர் இருந்ததற்கு வேறு சாட்சி உண்டு. லோகவிபாகம் என்ற சமண நூல், உலகங்களின் அமைப்பையும் அளவையும் கூறுவது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக வருடம் 380-ல், அதாவது கி.பி. 458-ல், பாண நாட்டுப் பாடலிகையில் சர்வநந்தி இதை எழுதினார் என்று நமக்குக் கிடைத்திருக்கும் அதன் வடமொழி வடிவம் சொல்கிறது. பாடலிகை என்பது கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பஸ் அங்கே ஒரு மணி நேரம் நின்றது. சர்வநந்தி பெயரை யாரும் சொல்லவில்லை.

ஆனால் என்னை உறுத்தியது 'முடிஞ்சுது' என்ற அந்த ஒரு சொல். இரண்டாம் நாள் சுந்தரர் பிறந்த திருநாவலூரில் இறங்கினோம். அதே உளுந்தூர்பேட்டைப் பக்கம்தான் திருநறுங்கொண்டை. அங்கே குன்றின்மேல் பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கேயே. மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் இயங்குகிறது, தேர் ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் நயினார் குடும்பங்கள் விவசாயம் பார்க்கின்றன, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகின்றன. உயிரோடிருக்கிறவர்களை ஒரு வினைச்சொல் இடிபாடாக்கிவிடுகிறது. செஞ்சிப் பக்கத்துச் சமணரிடையே ஒரு வாய்மொழிக் கதை வழங்குகிறது: நாயக்கன் ஒருவன் சமணரை வேட்டையாடியபோது பலர் நீறு பூசிக்கொண்டு உயிர் தப்பினார்களாம், நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அப்படி வந்ததாம். திலகவதி தந்ததும் நீறுதான், இதுவும் நீறுதான்.

"மேல்சித்தாமூர் போலாமா ஐயா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அது பாடல் பெற்ற தலம் இல்லீங்களே" என்றார், கோபமில்லாமல். அவருடைய பட்டியலுக்கு அது சரியான பதில்.

கிரீஸிலும் இப்படி நாலு நாள் பஸ் பயணம் பிரசித்தம். ஏதென்ஸ், மைசீனி, ஒலிம்பியா, டெல்ஃபி, கடைசியில் மெட்டியோராவின் பாறை உச்சி மடங்கள். அங்கே பழமை எப்படித் தயாரிக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கிறது. பார்த்தினான் கிரேக்கக் கோயிலாக இருந்து மாதா கோயிலாகி, பிறகு மசூதியாயிற்று. 1687-ல் துருக்கியர் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெனிஸ் படையின் குண்டு பட்டு வெடித்தது. 19ஆம் நூற்றாண்டில் புதிய தேசம் இடைக்காலத்தையும் துருக்கியரையும் குன்றிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டுப் 'பண்டைய' கல்லை மட்டும் மிச்சம் வைத்தது. டெல்ஃபியின் மேல் கஸ்த்ரி என்றொரு கிராமம் இருந்தது. 1892-ல் பிரெஞ்சுக்காரர்களின் பெரும் அகழாய்வு தொடங்கியது. அதற்காக ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். பயணிகள் இன்று நின்று படமெடுப்பது அந்த ஊர் இருந்த இடத்தில்.

ஊரைப் பெயர்ப்பது பற்றி நெய்வேலிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கழகம் வந்தது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள் போய், எண்ணிட்ட வட்டங்களாக நகரியம் எழுந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நின்ற நெற்பயிருக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். மூன்றாம் நாள் மாலை பஸ் சுரங்க மண்மேட்டுப் பக்கமாகத் திரும்பியது. அடுத்த சீட்டுப் பாட்டி சன்னலுக்கு வெளியே கைகாட்டினார். "அந்த மேட்டுக்கு அந்தாண்டதான் எங்க ஊரு இருந்துது. மாரியாத்தா கோயிலும் அங்கதான்."

"சாமிய என்ன பண்ணீங்க பாட்டி?"

"தூக்கியாந்துட்டோம். கோயிலத் தூக்க முடியுமா?"

மைக்கில் அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாண்டி நாட்டுத் தலங்கள் 14, ஐந்து நாள்.