மணியாச்சிக் கைத்துப்பாக்கி

தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அது திருவிதாங்கூரின் ஆயுதசாலை. 1741-ல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்டவர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுக்காரர்களில் ஒருவரான டிலனாய், பின்பு அந்த மன்னரின் சேனைக்கே ஆசானானார். கோட்டைக்குள் பீரங்கி வார்க்கப்பட்டது. சமஸ்தானத்து வீரர்கள் ஐரோப்பிய முறையில் துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது.

டிலனாய் காலத்து வித்தையில் தனி மனிதன் குறி பார்ப்பதற்கு அதிக இடமில்லை. குழாயின் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டிய நீண்ட துப்பாக்கிகள் அவை. சிப்பாய்கள் வரிசையாக நிற்பார்கள், உத்தரவு பிறந்ததும் ஒரே சமயத்தில் சுடுவார்கள், புகை மண்டிவிடும். யாருடைய குண்டு யாரை வீழ்த்தியது என்பது சுட்டவனுக்கே தெரியாது. பாவமோ புண்ணியமோ வரிசை முழுவதும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கைத்துப்பாக்கி அப்படிப்பட்டதல்ல. எதிரில் இருப்பவனுடைய முகம் தெரியும். பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடையாது. கதை எழுதுகிறவனுக்கு, பீரங்கியைவிட அந்தச் சிறு கருவியைப் பற்றித்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கைத்துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். அது மணியாச்சியில் வெடித்தது.

வாஞ்சிநாதனைத் திருநெல்வேலிச் சீமைக்காரர் என்றே எல்லோரும் சொல்லுகிறார்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வாஞ்சி படித்தது திருவனந்தபுரத்தில். உத்தியோகம் பார்த்தது புனலூரில், சமஸ்தானத்து வனத்துறையில். எங்கள் நாஞ்சில் நாட்டுப் பாட்டன்மார்களைப் போல அவரும் பத்மநாபதாசனின் பிரஜை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு செங்கோட்டையும் சேர்ந்துதான் தமிழ் ராஜ்யத்துக்கு வந்தது. ஆகவே இந்தக் கதையில் எங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. கப்பல் கம்பெனி நொடித்தது. இவற்றுக்கெல்லாம் காரணமென்று ஜனங்கள் விரல் நீட்டிய அதிகாரிகளில் ஒருவர், அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராயிருந்த ஆஷ். 1911 ஜூன் 17 காலையில், திருநெல்வேலிக் கலெக்டர் பொறுப்பிலிருந்த அதே ஆஷ், கொடைக்கானலிலிருந்த குழந்தைகளைப் பார்ப்பதற்காக மனைவியோடு ரயிலேறினார். மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக வண்டி காத்து நின்றது. முதல் வகுப்புப் பெட்டியை நெருங்கிவந்த வாஞ்சி, பிரௌனிங் கைத்துப்பாக்கியை எடுத்து ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தோடு ஓடி, கக்கூசுக்குள் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் பிரௌனிங் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துக்காரர். துப்பாக்கி ரிப்பேர் செய்யும் தகப்பனாருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை அடுத்த ஹெர்ஸ்டால் தொழிற்சாலை அவருடைய கைத்துப்பாக்கிகளைச் செய்து உலகமெங்கும் விற்றது. அதற்குமுன் கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர்தான்: நடுவில் உருளை, உருளையில் ஐந்தாறு அறைகள், அறைக்கு ஒரு தோட்டா. உருளை புடைத்துக்கொண்டிருப்பதால் சட்டைக்குள் மறைக்க முடியாது. பிரௌனிங்கின் கருவி தட்டையானது. 1900-ஆம் வருஷத்து மாதிரியை எடுத்துக்கொண்டால் நீளம் ஏழு அங்குலத்துக்குள். எடை ஏறக்குறைய 625 கிராம். கைப்பிடிக்குள்ளேயே ஏழு தோட்டாக்கள் அடுக்கியிருக்கும். ஒன்று வெடித்ததும் அந்த வேகமே மேற்பகுதியைப் பின்னால் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே எறியும். சுருள்வில் அதைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். 'ஆட்டோமாட்டிக்' என்று பேர் சொன்னாலும் தானாகச் சுட்டுக்கொண்டே போகாது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை விசையை அழுத்தியாக வேண்டும். அந்தப் பொறுப்பை மட்டும் பிரௌனிங் மனிதனிடமே விட்டுவைத்தார்.

சட்டைப்பையில் அடங்குகிற இந்தச் சாமான், அந்தப் பத்துப் பதினைந்து வருஷங்களில் எங்கெங்கெல்லாம் போயிற்று என்று பார்த்தால் ஆச்சரியமாயிருக்கிறது. 1904-ல் ஹெல்சிங்கியில் ருஷ்ய கவர்னர் ஜெனரல் பொப்ரிகோவ். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இத்தோ. அதே டிசம்பரில் நாசிக் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்ஸன். 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர். எல்லாம் பிரௌனிங். நாசிக்கில் வெடித்தது, லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிவைத்த இருபது கைத்துப்பாக்கிகளில் ஒன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்றது. வெள்ளைக்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே துப்பாக்கியும் சுடும் வித்தையும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. இரண்டும் வந்து இறங்கத் தோதான இடம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி.

வித்தையைக் கொண்டுவந்தவர் வ. வே. சு. ஐயர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனவர், இந்தியா ஹவுஸ் கூட்டத்தில் சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, மாறுவேஷத்தில் 1910 அக்டோபரில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவரிடம் சுடப் பழகியவர்களில் வாஞ்சியும் ஒருவர்.

பழகுவது என்றால் என்ன? குழாயின் நுனியில் ஒரு சிறு முனை இருக்கும். பின்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டுக்கு நடுவில் முனை சமமாக நிற்கவேண்டும். கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது முனையைத்தான். எதிரிலுள்ள இலக்கு சற்று மங்கலாகத் தெரிந்தால் போதும். மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல், எப்போது வெடிக்கும் என்று தனக்கே தெரியாதபடி மெள்ள அழுத்த வேண்டும். புதிதாகப் பழகுகிறவன் சத்தத்துக்குப் பயந்து வெடிக்கும்முன்பே கையை உதறிவிடுவான். குண்டு தரையில் போய்ச் செருகும். அந்த உதறலை ஒழிப்பதுதான் வித்தையில் முக்கால் பங்கு.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. முனைக்கும் வெட்டுக்கும் பதினைந்து சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு ஏழு சென்டிமீட்டர் விலகும். ஒரு மீட்டர் தூரத்திலோ ஏழே மில்லிமீட்டர். அதாவது, நின்ற ரயில் பெட்டியில் உட்கார்ந்திருப்பவரைக் கிட்டப்போய்ச் சுடுவதற்கு அர்ச்சுனனாக இருக்க வேண்டியதில்லை. புதுச்சேரிப் பயிற்சி கண்ணுக்குக் கொடுத்ததைவிட மனசுக்குக் கொடுத்ததே அதிகம். கை உதறாமலிருக்க அதுதான் உதவியிருக்கும்.

பயிற்சியின் எல்லை எது என்பதற்கு லண்டன் சம்பவமே சாட்சி. மதன்லால் திங்ரா 1909 ஜனவரியில் ஹால்பர்னிலிருந்த ஒரு கடையில் 3 பவுன் 5 ஷில்லிங் கொடுத்து ஒரு கோல்ட் கைத்துப்பாக்கி வாங்கினார். மூன்று மாதம் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் காசு கொடுத்துச் சுடும் இடமொன்றில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பழகினார். ஜூலை 1 மாலையில் 18 அடி தூரத்திலிருந்து 12 குண்டு சுட்டதில் 11 இலக்கில் பட்டது. அன்றிரவு கர்ஸன் வில்லியைச் சுட்டார். ஆனால், குறுக்கே பாய்ந்து தடுக்க வந்த பார்ஸி டாக்டர் லால்காகாவும் அந்தக் குண்டுகளுக்கு இரையானார். அவர்மேல் திங்ராவுக்கு எந்த விரோதமுமில்லை. சரயேவோவிலும் இதே கதைதான்: இளவரசரின் மனைவி ஸோபியைக் கொல்ல நினைக்கவில்லை, கவர்னருக்கு வைத்த குறி அது என்று சுட்ட பையன் பிற்பாடு சொன்னான். மணியாச்சியில் கணவருக்கு எதிரில் ஆஷின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. பதற்றத்தின் உச்சியில் நின்ற இருபத்தைந்து வயது வாலிபனுடைய கையை நினைத்தால், இதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது.

ஆனால், ஆஷ்மேல் வைத்த குறியோடு விஷயம் தீரவில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா அதே ஜூன் 22-ஆம் தேதி லண்டனில் நடக்கவிருந்தது. அந்த மன்னர் இந்தியாவில் காலெடுத்து வைத்ததும் கொல்லுவதென்று மூவாயிரம் பேர் சபதம் செய்திருப்பதாகக் கடிதம் சொல்லிற்று. அதில் தேசத்தைப்பற்றிய வெறி இருக்கிறது; சனாதன தர்மத்தைப்பற்றிய கவலை இருக்கிறது; பசு மாமிசம் தின்கிறவன் என்ற ஏளனமும் இருக்கிறது. ஜார்ஜ் மன்னருக்கு அதிலுள்ள அடைமொழி 'பஞ்சமன்'. ஐந்தாமவன் என்பதற்கு வடமொழியில் அதுதான் சொல். அவ்வளவுதான் அர்த்தம் என்று ஒரு கட்சி. அந்தக் காலத்தில் அந்தச் சொல் தெருவில் யாரைக் குறித்தது என்று எல்லோருக்கும் தெரியும். வசையாகவே எழுதப்பட்டது என்று இன்னொரு கட்சி. சண்டை இன்றும் ஓயவில்லை.

எனக்கு இந்தச் சண்டையில் நடுவராக இருக்க ஆசையில்லை. நாஞ்சில் நாட்டில் பிறந்தவன் இந்தச் சொல்லை எப்படிப் படிப்பான் என்பதை மட்டும் சொல்லலாம். பெண்கள் மேல்சீலை அணிவதற்கே போராட வேண்டியிருந்த மண் இது. 1936-ல் ராஜாவின் விளம்பரம் வரும்வரை, கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என் அண்டை வீட்டுக்காரர்கள். சரித்திரப் புத்தகத்தை அவர்களும்தான் படிக்கிறார்கள். மணியாச்சிக் குண்டின் ஓசையில் அவர்களுடைய நெஞ்சு விம்ம வேண்டுமென்று கேட்கிறோம். பிறகு கடிதத்தைக் கையில் கொடுக்கிறோம். அவர்கள் முகத்தில் ஒரு நிழல் விழுந்தால் அதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த வாலிபனின் தியாகத்தைச் சிறுமைப்படுத்தாமலே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கைத்துப்பாக்கியின் முனையும் வெட்டும் நேராயிருந்தன. மனசிலிருந்த முனை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தது. கிட்டத்தில் அது தெரியவில்லை. நூறு வருஷ தூரத்தில் எவ்வளவு விலகிவிட்டது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

மணியாச்சிக்குப் பிறகு தென்பாண்டிச் சீமையில் இரண்டாவது பிரௌனிங் வெடிக்கவில்லை. போலீஸ் ஊர் ஊராகச் சல்லடை போட்டது. சென்னை ஹைக்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் முன் வழக்கு நடந்து, 1912-ல் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷக் கடுங்காவல் கிடைத்தது. அவர் பிற்காலத்தில் சாது ஓம்காராக பெங்களூர்ப் பக்கத்து நந்தி மலையில் தங்கிவிட்டார். 1978 வரை ஜீவித்திருந்தார். டில்லி தர்பாரும் அந்த டிசம்பரில் திட்டமிட்டபடி நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் வந்து, முடியோடு வீற்றிருந்து, பத்திரமாகத் திரும்பிப் போனார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம், சுடக் கற்றுக்கொடுத்த ஐயர்தான். 1915-ல் அவர் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். தமிழ்ச் சிறுகதைக்கு அதையே பிள்ளையார்சுழி என்று பலரும் சொல்லுகிறார்கள். வரதட்சணைக் கொடுமையால் உயிரைவிட்ட ஒரு சின்னப்பெண்ணைப் பற்றி ஒரு மரம் அழுதுகொண்டே சொல்லும் கதை அது. கலெக்டர்களைக் குறிவைக்கப் பழக்கிய கை, நம்முடைய வீட்டுக்குள்ளேயே இருந்த கொடுமையைக் குறிவைக்கத் தொடங்கியது. பின்பு பல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பனைப்பற்றி எழுதினார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கேயும் பழைய வினை விடவில்லை. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதில் கிளம்பிய தகராறு, தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தது. 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், தண்ணீர் இழுத்துக்கொண்டுபோன மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தவர் திரும்பவில்லை.

ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. வாஞ்சிக்குச் சமாதி கிடையாது. அவர் பேரை ரயில் நிலையம் சுமந்துகொண்டிருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகிற கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், திருநெல்வேலியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அதைக் கடந்து செல்லும். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் மஞ்சள் பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று படிக்கலாம். கூட வருகிற குழந்தைகள் யார் அந்த வாஞ்சி என்று கட்டாயம் கேட்கும். குண்டோடு கதையை முடித்துவிடாமல், கடிதத்தையும் அரசமரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். குழந்தைகள் தாங்கிக்கொள்ளும்.